வானியற்பியல் படிப்பில் ஒரு வருடம் வெளிநாடு: போகலாமா?

புதுப்பிறை:
வானியலும் வானியற்பியலும் சேர்ந்த இளநிலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது. இங்கேயே இருந்தால் மொத்தம் மூன்று வருடம். நடுவில் ஒரு வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தால் நான்கு. முனைவர் பட்டம் வரை போக ஆசை. இரண்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். என்ன செய்யலாம்?

தென்வானம்:
கிளம்புங்கள் தம்பி. நம் ஆய்வகமே வானம்தான், அது ஊருக்கு ஊர் வேறு. பால்வெளியின் மையம் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 29 டிகிரியில் இருக்கிறது. 52 டிகிரி வட அட்சரேகையில் நின்று பார்த்தால், அது உச்சத்துக்கு வரும்போதே தொடுவானத்துக்கு மேல் 9 டிகிரிதான். ஏதாவது கட்டடம் மறைத்துவிடும். சிலியின் பரனால் வானாய்வகத்தில் அது கிட்டத்தட்ட தலைக்கு மேல். மகெல்லன் மேகங்கள் என்கிற அண்டை விண்மீன் மண்டலங்களோ அவ்வளவு வடக்கே உதிக்கவே உதிக்காது. பாடத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்காமல் பட்டம் வாங்கி என்ன பயன்?

கணக்குப்பிள்ளை:
இது சுற்றுலா விளம்பரம். இளநிலை மாணவர் கையில் 8.2 மீட்டர் தொலைநோக்கியை யார் கொடுக்கிறார்கள்? பரனாலில் பேராசிரியர்களே பெரும்பாலும் நேரில் போவதில்லை. அங்கிருக்கும் பணியாளர்கள் படமெடுத்துத் தரவை அனுப்பிவிடுகிறார்கள். விண்மீன்களை அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவுத் தொகுப்பு 2022 ஜூனில் வந்தது. ஏறக்குறைய 180 கோடி விண்மீன் பதிவுகள், இலவசம், படுக்கையில் படுத்துக்கொண்டே இறக்கலாம்.

என் கதையைக் கேளுங்கள். நானும் போனேன். போன இடத்தில் 'புள்ளியியல் இயற்பியல்' என்று பேப்பர் இருந்தது. பெயர் ஒன்றுதானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உள்ளே முக்கால்வாசி பழைய வெப்ப இயக்கவியல். திரும்பி வந்து விண்மீன் அமைப்பு வகுப்பில் உட்கார்ந்தால், முதல் நாளே ஆசிரியர் "ஃபெர்மி வாயு எல்லோரும் போன வருடம் பார்த்ததுதான், அதனால் நேராக வெண்குறுமீனுக்குப் போவோம்" என்று பலகையின் நடுவிலிருந்து ஆரம்பித்தார். (வெண்குறுமீன் என்றால் எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன். அதைத் தாங்கும் எலக்ட்ரான் அழுத்தத்தைக் கணக்கிடத்தான் ஃபெர்மி வாயு, அது புள்ளியியல் இயற்பியல் பாடம்.) பக்கத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நான் அந்தச் சமன்பாட்டை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். அந்த ஓட்டையை அடைக்க ஒரு செமஸ்டர் போனது.

தென்வானம்:
பாடத்திட்டத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது உங்கள் தவறு, பயணத்தின் தவறில்லையே. வெண்குறுமீன் என்றீர்களே, அதன் நிறை வரம்பைக் கண்டுபிடித்த சந்திரசேகர் 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறாமல் இருந்திருந்தால்?

கணக்குப்பிள்ளை:
மாட்டிக்கொண்டீர்கள். அந்தக் கணக்கை அவர் கப்பலிலேயே போட்டுவிட்டார்! 19 வயது, கேம்பிரிட்ஜ் வாசலை இன்னும் மிதிக்கவில்லை. அதற்கு வேண்டிய புதிய புள்ளியியலை, 1928இல் சென்னைக்கு வந்த ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டிடம் கேட்டும், வெண்குறுமீன் பற்றி கேம்பிரிட்ஜின் ஃபௌலர் எழுதிய கட்டுரையைப் படித்தும் ஊரில் இருந்தபடியே தேற்றிக்கொண்டார். அடிப்படை கையில் இருந்ததால்தான் கப்பலில் கணக்கு வந்தது.

இரவுக்காவல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அதே சந்திரசேகர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் படிக்கும்போது கடைசி வருடத்தை கோபன்ஹேகனில் இயற்பியலாளர் நீல்ஸ் போர் (Bohr) நடத்திய நிறுவனத்தில் கழித்தார். ஆக, ஆளுக்குப் பாதி கப்பல்.

எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. வெளிநாட்டு வருடம் இரண்டு வகை. ஒன்று, வேறொரு பல்கலையில் வகுப்புக்குப் போவது. இன்னொன்று, ஆய்வுக்கூடத்தில் வேலை. நான் இரண்டாவது வகை. ஸ்பெயினின் லா பால்மா தீவில், மலையுச்சியில் 2.5 மீட்டர் ஐசக் நியூட்டன் தொலைநோக்கி. (அந்தத் தொலைநோக்கியே வெளிநாடு போனதுதான். 1967இல் இங்கிலாந்தில் திறந்தார்கள். மேகத்தோடு மல்லுக்கட்டி முடியாமல் 1979இல் கழற்றிக் கப்பலேற்றினார்கள்.)

அங்கே கற்றதில் ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு சாயங்காலமும் வெறும் வானத்தைப் படமெடுக்க வேண்டும், கேமராவின் எந்தப் புள்ளி எவ்வளவு உணர்கிறது என்று சரிபார்க்க. சூரியன் மறைந்த உடனே எடுத்தால் வெளிச்சம் நிரம்பி வழியும். தாமதித்தால் நட்சத்திரங்கள் எட்டிப் பார்க்கும். நடுவில் கிடைப்பது சில நிமிடங்கள். ஒளி குறைவாக வாங்கும் வடிகட்டியை முதலில் போட வேண்டும். முதல் படம் 3 விநாடி, அடுத்தது 5, அப்புறம் 9, அப்புறம் 20 என்று இருட்டைத் துரத்த வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும், இல்லையென்றால் மங்கலான நட்சத்திரம் ஒரே புள்ளியில் விழுந்து படத்தைக் கெடுக்கும். முதல் வாரம் மூன்று நாள் கோட்டைவிட்டேன். இதற்குப் புத்தகத்தில் ஒரு பத்திதான் இருக்கும். சகாராத் தூசி வந்தால் வானம் தெளிவாகத் தெரிந்தாலும் குவிமாடத்தைத் திறக்கக் கூடாது என்பது அந்தப் பத்தியிலும் இருக்காது.

கணக்குப்பிள்ளை:
இதை ஒத்துக்கொள்கிறேன். இறக்கிய தரவில் குப்பை எங்கிருந்து வந்தது என்று இவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டவர் போகப்போவது வகுப்புக்கு, மலைக்கு இல்லை. முனைவர் பட்ட விண்ணப்பங்கள் பல இடங்களில் டிசம்பர் வாக்கில் முடியும். அதாவது திரும்பி வந்து மூன்று மாதத்தில். இங்கே யாருக்கும் முகம் ஞாபகம் இருக்காது. பரிந்துரைக் கடிதம் யார் தருவார்?

தென்வானம்:
போன இடத்துப் பேராசிரியர் தருவார். எனக்கு அவர்தான் தந்தார். அங்கே வாய்மொழித் தேர்வு. வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, "சூரியனின் மையத்தில் அழுத்தம் எவ்வளவு இருக்கும்? தோராயமாகப் போதும்" என்றார். நிறை, ஆரம், ஈர்ப்பு மாறிலி, வேறொன்றும் கிடையாது. வியர்த்துக்கொண்டே 10இன் அடுக்கு 15 பாஸ்கல் என்று வந்தது. "உண்மையான மதிப்பு இருபது மடங்குக்கும் மேல். ஏன் குறைந்தது?" என்று அடுத்த கேள்வி. அரைமணி நேரம் அப்படிப் பேசியவருக்கு என்னைப் பற்றி எழுத விஷயம் இருந்தது. இங்கே முந்நூறு பேரில் நான் ஒரு விடைத்தாள்.

புதுப்பிறை:
எல்லோருக்கும் நன்றி. முதலில், தம்பி இல்லை, தங்கை. கணக்குப்பிள்ளை சொன்னதைப் படித்துவிட்டு அங்குள்ள பாடத்திட்டத்தை வாரவாரியாகத் தேடினேன். புள்ளியியல் இயற்பியல் என்று பெயரே இல்லை. 'வெப்பக் கோட்பாடு 2' என்று இருக்கிறது, ஏழாவது வாரத்தில் ஃபெர்மி வாயு வருகிறது. ஆனால் அது இரண்டாம் செமஸ்டர், பொதுச் சார்பியலும் அதே நேரத்தில். இரண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும். அந்த வருட மதிப்பெண் எங்கள் மொத்தத்தில் சேராது, தேறினால் போதும்.

கணக்குப்பிள்ளை:
தங்கையா, சரிம்மா. சேராது என்றால் பயமில்லாமல் கடினமானதை எடுக்கலாம், அது ஒரு வசதி. சார்பியலைத் திரும்பி வந்து இங்கே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியுமென்றால் ஏழாவது வாரத்தை விடாதீர்கள். அந்தப் பேப்பரின் பயிற்சிக் கணக்குகள் கிடைத்தால் இங்கே போடுங்கள், உண்மையிலேயே ஃபெர்மி வாயுதானா என்று பார்த்துச் சொல்கிறேன். போக வேண்டாம் என்பதுதான் இப்போதும் என் கட்சி.

தென்வானம்:
பாடம் எடுத்துக் கொடுத்து அனுப்பிவைக்கிறவர் எந்தக் கட்சியாம்?