மறு: ‘கவுன்ட்டர்-மெஜாரிட்டேரியன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர்க்கு வணக்கம். மக்கள் தேர்ந்தெடுத்த பெரும்பான்மை இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாதென்று தள்ளுவதைக் குறிக்கும் ‘கவுன்ட்டர்-மெஜாரிட்டேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘பெரும்பான்மை எதிர்ப்பு’ என்றே வைத்துவிடலாமே? சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது ஐயா, வம்பே அதில்தான். ‘நீதிமன்றத்தின் பெரும்பான்மை எதிர்ப்புப் பணி’ என்று நாளிதழில் படிப்பவர், நீதிபதிகளுக்குப் பெரும்பான்மைச் சமூகத்தின்மேல் ஏதோ பகை போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். மூலச்சொல்லில் பகை இல்லை. 1962இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் அலெக்சாண்டர் பிக்கெல் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது அவர் கேட்ட கேள்வி எளிது: மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இயற்றிய சட்டத்தை, யாரும் வாக்களித்து அமர்த்தாத நீதிபதிகள் எந்த உரிமையில் செல்லாது என்கிறார்கள்? அவர் அதைச் சிக்கல் என்றார். பாராட்டாகச் சொல்லவில்லை.

> அப்படியானால் ‘சிறுபான்மைக் காப்பு’?

அம்மா, அது தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடுகிறது. 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரொட்டித் தொழிலாளர்களின் வேலைநேரத்துக்கு வரம்பு கட்டிய நியூயார்க் சட்டத்தைச் செல்லாதென்றது. சட்டமன்றப் பெரும்பான்மையை மீறிய தீர்ப்புதான். ஆனால் அதில் காப்பாற்றப்பட்டது யார்? 1940இல் அதே நீதிமன்றம், பள்ளியில் கொடி வணக்கம் செய்ய மறுத்த, யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு மதக்குழுவின் பிள்ளைகளைக் கைவிட்டது. மூன்றே ஆண்டில் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது என்பது வேறு கதை.

நமக்கு நெருக்கமான சான்று இலங்கையின் கோடீஸ்வரன் வழக்கு. எந்தச் சமூகத்துக்கும் தனியாக ஒரு பாதகத்தைச் சுமத்தும் சட்டம் செல்லாது என்று சுதந்திரக் காலத்து இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பு 29ஆம் பிரிவில் எழுதிவைத்திருந்தது. 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்தது. சிங்களத் தேர்ச்சி இல்லையென்று ஊதிய உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் அரசு ஊழியர் கோடீஸ்வரன் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1967இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் ஊதியத்துக்காக அரசின்மேல் வழக்கே தொடுக்க முடியாது என்று சொல்லி அதைத் தள்ளியது. 1969இல், அப்போது இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாயிருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்தக் காரணம் தவறென்றது. ஆனால் 29ஆம் பிரிவுக் கேள்வியைத் தான் தொடாமல் திருப்பி அனுப்பியது. அதற்கு விடை வரவேயில்லை. 1972 அரசியலமைப்பில் அந்தப் பிரிவே காணாமல் போயிற்று. இதில் ‘காப்பு’ என்ற சொல்லை எங்கே பொருத்துவது?

ஆகவே என் முன்மொழிவு பெரும்பான்மை மறிப்பு. ஆற்றை மறித்து அணை கட்டுகிறோம். வழியை மறித்துப் பறிப்பவரும் உண்டு. சொல் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. மறித்தது நியாயமா என்பதைக் கட்டுரை எழுதுபவர் வாதிடட்டும். பிக்கெலின் தொடர் ‘பெரும்பான்மை மறிப்புச் சிக்கல்’ ஆகும். ‘தடை’ என்று யாராவது சொல்வதற்குமுன்: தடையாணை, இடைக்காலத் தடை என்று அந்தச் சொல்லுக்கு நீதிமன்றத்தில் ஏற்கெனவே வேலை அதிகம்.

ஓர் ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். ‘புலிகொல் யானை’ என்றால் புலியைக் கொன்ற யானையா, புலி கொன்ற யானையா என்ற பழைய இலக்கணக் குழப்பம்தான்! பெரும்பான்மையை மறிப்பதா, பெரும்பான்மை மறிப்பதா? வாக்கியத்தில் ‘நீதிமன்றம்’ கூடவே வருவதால் பெரும்பாலும் குழப்பம் வராது. அகராதியில் தலைச்சொல்லாகத் தனியே நிற்கும் இடத்தில் மட்டும் ‘பெரும்பான்மையை மறித்தல்’ என்று உருபை விரித்து விளக்கம் கொடுத்துவிடலாம்.

இன்னொன்றுக்கும் சொல் தேவைப்படுகிறது. கோடீஸ்வரன் வழக்கில் நடந்ததுபோல், மறிக்கவும் செய்யாமல் அனுமதிக்கவும் செய்யாமல் நீதிமன்றம் கேள்வியையே சுற்றிக்கொண்டு போவதற்கு என்ன பெயர்? ‘நழுவல்’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரிதான், ஆனால் பாடநூலில் போட முடியாத அளவுக்கு வாய்த்துடுக்காக இருக்கிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.