வாடகை வீட்டு சிமெண்டுத் தரையில பழைய பசை, எப்படி எடுக்குறது?

அக்கா வணக்கம். திருச்சியிலருந்து மலேசியா வந்து சுங்கை சிப்புட் ஊர்ல தமான் (குடியிருப்புப் பகுதி) வீடு ஒண்ணு வாடகைக்கு எடுத்திருக்கோம். ஹால்ல கிழிஞ்சு கெடந்த திக்கார் கெத்தாவ (தரையில ஒட்டுற ரப்பர் விரிப்பு) உருவுனா அடியில பூரா மஞ்சப் பசை, காலு ஒட்டுது. புள்ள தவழ்ற வயசு. தின்னர் ஊத்தித் தேய்ச்சா போயிருமா?

தம்பி, தின்னர் மட்டும் வேணாம். சிமெண்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நெறைய இருக்கு, தின்னர் பசையக் கரைச்சு அதுக்குள்ள எறக்கிவிட்டுரும், மேல பார்த்தா போன மாதிரி இருக்கும், அப்புறம் டைல்ஸோ பெயிண்டோ போட்டா பிடிக்காது. அதோட வாடை தீப்பிடிக்கும், கேஸ் தோம்பு (சிலிண்டர்) இருக்குற வீட்ல, அதுவும் புள்ளைய வச்சிக்கிட்டு, வேணவே வேணாம். டாய்லெட் கழுவுற ஆசிட்டும் அப்படித்தான், பசைய ஒண்ணும் பண்ணாது, சிமெண்டத்தான் அரிக்கும், க்ளோராக்ஸ் மாதிரி ப்ளீச்சோட சேர்ந்துச்சுன்னா விஷப்புகை வரும்.

மொதல்ல சுரண்டணும், மத்ததெல்லாம் அப்புறம். ஹார்ட்வேர் கடையில நீளப் புடி போட்ட ஸ்க்ரேப்பர் கேளுங்க, கூடவே மாத்து பிளேடும் வாங்கிக்குங்க, ஏன்னா சிமெண்டுல பிளேடு சீக்கிரம் மழுங்கிரும், மழுங்குன பிளேடு பசைய எடுக்காது, இழுவித்தான் விடும். பிளேடத் தரையோட நல்லா சாய்ச்சுப் புடிச்சுத் தள்ளுங்க. வராத எடத்துல பழைய துண்ட சுடுதண்ணியில நனைச்சு, மங்கு (பாத்திரம்) கழுவுற சோப்பு கொஞ்சம் விட்டு, அரை மணி நேரம் போட்டு வைங்க. மஞ்சப் பசை பெரும்பாலும் வெள்ளையாப் பொங்கி இளகிரும், அப்ப தோல் உரியிற மாதிரி சுருண்டு வரும். அப்பவும் அசையலைன்னா ஆரஞ்சு எண்ணெய் கலந்த ரிமூவர் போடலாம், ஆனா அது எண்ணெய்ப் பிசுக்கு விட்டுட்டுப் போகும், சோப்புத் தண்ணியில ரெண்டு தடவையாவது கழுவணும்.

முடிஞ்சிருச்சான்னு பார்க்க தரையில அங்கங்க தண்ணி சொட்டு விடுங்க. சிமெண்டு உறிஞ்சிக்கிட்டு கருத்துச்சுன்னா சுத்தம், உருண்டு நின்னா பசை இன்னும் இருக்கு.

புதுசா ஏதும் ஒட்டுற எண்ணம் இருந்தா ஒரு முழ அளவு பிளாஸ்டிக் தாள நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்க. அடியில வேர்த்துச்சுன்னா மண்ணுலருந்து ஈரம் ஏறுது. நம்ம பக்கம் பழைய வீடுகள்ல இது சகஜம், அப்படி இருந்தா ஒட்டாம சும்மா விரிக்கிற பாயே போதும்.

அக்கா, பின் ரூம்ல சின்னச் சின்ன சதுரமா பழைய டைல்ஸ் இருக்கு, ஒண்ணு பேந்து அடியில தார் மாதிரி கருப்பா தெரியுது, அதையும் சுரண்டலாமா?

கை வைக்காதீங்க தம்பி! 9 அங்குல டைல்ஸ், கருப்புப் பசை ரெண்டும் சேர்ந்தா 1980க்கு முன்ன போட்டதா இருக்கலாம், அதுல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. சும்மா கெடக்குற வரைக்கும் பெருசா ஆபத்தில்ல, காஞ்ச தரையில சுரண்டுனா, உப்புத்தாள் போட்டா, கிரைண்டர் வச்சா அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போயிரும், பல வருஷம் கழிச்சுத்தான் நோயாத் தெரியும். பேந்த துண்ட ஈரத்துணியால எடுத்து பைக்குள்ள போட்டுக் கட்டுங்க, வெளக்கமாறு போடாதீங்க, அந்த எடத்த மூடி மேல பாய் விரிச்சிருங்க. இன்னைக்கே போட்டோ எடுத்து வீட்டு ஓனருக்கு வாட்சாப்ல அனுப்பிருங்க, டெப்பாசிட் பணம் அவர் கையில இருக்கு, தரையில என்ன செய்யிறதா இருந்தாலும் அவர் சரின்னு எழுதுனதுக்கு அப்புறம் செய்யுங்க.