டர்போ, மேனிஃபோல்ட் போல்ட் திரும்பத் திரும்ப லூஸ் ஆகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சங்ககிரி பட்டறைக்காரர்:

டாரஸ் (பல அச்சு லாரி), டிரெய்லர் வண்டிகளில் எங்களிடம் அடிக்கடி வரும் புகார் இது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம். இன்ஜின் சூடானதும் குறைந்துவிடும். டிரைவர் டேப்பெட் (வால்வு) சத்தம் என்று சொல்லி வண்டியை விடுவார். கேபினைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் வார்ப்புக் குழாய்) இன்ஜின் ஹெட்டில் உட்காரும் இடத்தில் கருப்பாகக் கரி பூத்திருக்கும். போல்ட்டைத் தொட்டால் கையோடு வரும்.

பெரும்பாலான இடங்களில் செய்யும் வைத்தியம், ஸ்பேனரில் பைப்பைச் சொருகி முறுக்குவதுதான். கொஞ்ச நாளில் அதே சத்தத்தோடு வண்டி திரும்பி வரும், இல்லாவிட்டால் போல்ட் ஹெட்டுக்குள் முறிந்து நிற்கும். முறுக்கு பத்தாமல் லூஸ் ஆகும் வண்டிகளை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒன்று அந்த இடத்தை அசைக்கிறது, அதனால்தான் லூஸ் ஆகிறது.

கணக்கு எளிதுதான். லோடோடு மேடு ஏறும்போது, புகையால் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பம் 600 டிகிரியைத் தாண்டும். ஹெட்டுக்குத் தண்ணீர் ஓடுகிறது, அது 100 டிகிரிப் பக்கமே நிற்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட், ஹெட்டைவிட 400 டிகிரி கூடுதலாகச் சூடானால் நாலு மி.மீ.க்கு மேல் நீளும். சூடாகும் ஒவ்வொரு முறையும் மேனிஃபோல்ட் ஹெட்டின் மேல் வழுக்கிப் போகிறது, ஆறினால் திரும்ப வருகிறது. அதில் அதிகம் அடி வாங்குவது இரண்டு கோடிகளிலும் உள்ள போல்ட்கள். பெரிய ஆறு சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் மேனிஃபோல்ட்டை இரண்டு மூன்று துண்டாக வார்த்து, ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி இணைத்திருப்பது இதற்காகத்தான்.

ஒரு வண்டியில் கடைசி சிலிண்டர் போல்ட்கள் மட்டும் திரும்பத் திரும்பக் கழன்றன. புது போல்ட், நடுவில் கசிவை அடைக்கும் புது பேக்கிங் எல்லாம் போட்டாயிற்று. மேனிஃபோல்ட்டை இறக்கிக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நழுவ வேண்டிய இணைப்பில் கரி இறுகி, ரிங்குகள் செத்து, மூன்று துண்டும் ஒரே கட்டையாகிவிட்டது. உள்ளே நீள இடமில்லாததால் வெளியே போல்ட்டைத் தள்ளியிருக்கிறது. இணைப்பைச் சுத்தம் செய்து ரிங் மாற்றினோம். அப்புறம் அந்தப் புகாரே வரவில்லை.

—

திருச்செங்கோடு ரிக் மெக்கானிக்:

அண்ணன் சொன்னது லாரிக்குச் சரி. எங்கள் போர்வெல் வண்டியில் கதை கொஞ்சம் வேறு. கம்ப்ரசர் இன்ஜின் மணிக்கணக்கில் ஃபுல் லோடில் நிற்கும். மேனிஃபோல்ட்டைவிட டர்போ உட்காரும் ஃபிளாஞ்சின் (இணைப்புத் தட்டின்) நாலு நட்தான் எங்களுக்குத் தலைவலி.

ராஜஸ்தான் பக்கம் ஓடிய ஒரு வண்டி. சைட்டில் இருக்கும் பையன் தினமும் காலையில் அந்த நாலு நட்டையும் டைட் வைப்பான், சாயந்திரம் இரண்டு லூஸ். நான் போனதும் நட்டில் கை வைக்கவில்லை. டர்போவிலிருந்து சைலன்சருக்குப் போகும் கிளாம்ப்பைத்தான் முதலில் கழற்றினேன். கழன்ற உடனே பைப் இரண்டு விரல் கடை கீழே இறங்கியது. மொத்த சைலன்சர் எடையும் டர்போவில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. சைலன்சர் தாங்கியின் ரப்பர் போயிருந்தது, பெல்லோஸ் (வளைந்து கொடுக்கும் மடிப்புக் குழாய்) நசுங்கி இறுகியிருந்தது. போதாததற்கு, டர்போ மாற்றிய யாரோ அடியில் உள்ள சப்போர்ட் பிராக்கெட்டைத் திரும்பப் போடவே இல்லை. “எதுக்குன்னு தெரியல, மிச்சம் விழுந்துச்சு” என்று டூல் பாக்ஸிலிருந்து அந்தப் பையனே எடுத்துக் கொடுத்தான்!

இன்ஜின் மவுண்ட் செத்திருந்தாலும் இதே கதைதான். இன்ஜின் ஆடும், சைலன்சர் ஆடாது, நடுவில் டர்போ மாட்டிக்கொள்ளும். கிளாம்ப்பைக் கழற்றினால் பைப் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எந்த நட் போட்டும் பயனில்லை.

—

திம்பம் ரூட் டிரைவர்:

ஓட்டுகிறவன் பார்வையில் ஒன்று. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது வண்டி வழக்கம்போல் இழுக்கவில்லை, கருப்புப் புகை கூடுகிறது, கேபினுக்குள் லேசாகப் புகை வாடை என்றால் டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை வழியிலேயே கசிந்தாலும் இப்படித்தான் இருக்கும். எனக்கும் டர்போ மாற்ற வேண்டும் என்றார்கள். கடைசியில் இரண்டு ஸ்டட்டும் (தலையில்லாத, இரு முனையிலும் மரையுள்ள போல்ட்) ஒரு பேக்கிங்கும்தான். இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் (புகையை அடைத்து வேகத்தைக் குறைப்பது) போடும்போது உஸ்ஸென்று சத்தம் வந்தால் இன்னும் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். மேனிஃபோல்ட்டுக்குள் பிரஷர் ஏறுவதால் சின்னக் கசிவும் கத்தும்.

—

கோவை, கார் டர்போ வேலை செய்பவர்:

கார்களுக்கு டர்போ மாட்டும் வேலை என்னுடையது. இந்த இடத்துக்கு உதவாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் வாஷர்: அந்தச் சூட்டில் பதம் இறங்கி வெறும் தட்டை வாஷர் ஆகிவிடும். நைலான் வைத்த லாக் நட்: உருகிவிடும். மரையில் விடும் லாக் பசை: சாதாரண வகை 150 டிகிரி வரைதான், சூடு தாங்கும் வகையே 230 பக்கம்தான். மேனிஃபோல்ட் அதையெல்லாம் முதல் மேட்டிலேயே தாண்டிவிடும்.

ஜெர்மனிக்காரர் யுங்கர் 1969-இல் ஒரு சோதனைக் கருவி வைத்துக் காட்டியது இன்றும் செல்லும். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, இணைப்பு பக்கவாட்டில் வழுக்குவதுதான் நட்டைக் கழற்றுகிறது. மேலே பட்டறைக்காரரும் ரிக் மெக்கானிக்கும் சொன்ன கேஸ்கள் அதற்கு நேரடி உதாரணம்.

நான் அதிகம் நம்புவது போல்ட்டின் நீளத்தை. முறுக்கும்போது போல்ட் ஒரு ஸ்பிரிங் போல இழுபடுகிறது, அந்த இழுப்புதான் பிடிமானம். நடுத்தரமாக முறுக்கிய போல்ட்டில், பிடிக்கும் நீளம் 20 மி.மீ. என்றால் அது நீள்வது 0.04 மி.மீ.தான். பேக்கிங் 0.02 அமுங்கினாலே பாதிப் பிடி போச்சு. அதே போல்ட்டை நீளமாக எடுத்து, தலைக்குக் கீழே கனமான ஸ்டீல் புஷ் (குழாய்த் துண்டு) ஒன்றைக் கடைந்து போட்டுப் பிடிக்கும் நீளத்தை 50 ஆக்கினால் 0.1 நீளும். அதே அமுங்கலில் ஐந்தில் ஒரு பங்குதான் போகும். லேத்தில் அரை மணி நேர வேலை, செலவும் பெரிதில்லை.

அப்புறம் நட். முழுக்க உலோகத்தாலான, மரையை இறுக்கிப் பிடிக்கும்படி வாய் நசுக்கிய காப்பர் பூச்சு நட் நல்லது. அதோடு, சரிவுப் பற்கள் உள்ள இரண்டு தட்டு ஜோடியாக வரும் வெட்ஜ் லாக் வாஷர் போட்டால் இன்னும் நல்லது. கண்ட ஸ்டெயின்லெஸ் போல்ட்டை மட்டும் போடாதீர்கள். அது வார்ப்பிரும்பைவிட அதிகம் நீளும், சூட்டில் பிடியை விடும், கழற்றும்போது மரை கடித்துக்கொள்ளும். ரேஸ் வண்டிகளில் இன்கோனல் (சூடு தாங்கும் நிக்கல் கலப்பு உலோகம்) ஸ்டட் போடுவார்கள், அந்த விலை எல்லாருக்கும் ஆகாது.

—

சங்ககிரி பட்டறைக்காரர்:

புஷ் விஷயத்தை வழிமொழிகிறேன். சில கம்பெனி இன்ஜின்களே அப்படித்தான் வருகின்றன. கழற்றுகிறவர்கள் புஷ்ஷைத் தொலைத்துவிட்டுக் குட்டை போல்ட் போடுவதையும் பார்க்கிறேன். வெட்ஜ் வாஷரில் எனக்கு ஒரு மனத்தாங்கல்: நெடுஞ்சாலையில் நடுராத்திரி கழற்றுகிறவருக்கு எந்தப் பக்கம் எதன் மேல் வரும் என்று தெரியாது, தலைகீழாகப் போட்டுவிடுவார். காது மடக்கும் லாக் பிளேட் பழைய முறைதான், ஆனால் மடங்கியிருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும். காது நட்டைச் சுழலவிடாது, அவ்வளவுதான். பிடி குறைவதை அது தடுக்காது.

இன்னொன்று, இறக்கிய மேனிஃபோல்ட்டில் நேர்கோலை வைத்து ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். வளைந்திருந்தால் சர்ஃபேஸ் அடித்துச் சமமாக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். போல்ட்டால் இழுத்து நேராக்க நினைத்தால் மேனிஃபோல்ட்டில் போல்ட் போடும் காது உடையும்.

—

நாகை விசைப்படகு மெக்கானிக்:

கடலில் எங்கள் பிரச்சினை நேர் எதிர். மேனிஃபோல்ட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதால் சூடு குறைவு, லூஸ் ஆவதும் குறைவு. உப்பில் துருப்பிடித்துக் கழற்ற முடியாமல் போவதுதான் தொல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் இன்ஜினை இறக்கும்போது பாதி ஸ்டட் முறியும். முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டை வழியாக வெல்டிங் நிரப்பி, சிவப்பு போனதும் மெழுகுவத்தியை மரையோரம் தேய்த்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். திரும்ப மாட்டும்போது மரைக்குக் காப்பர் கிரீஸ்.

—

கோவை, கார் டர்போ வேலை செய்பவர்:

அண்ணே, காப்பர் கிரீஸ் தடவினால் டார்க்கை (முறுக்கும் அளவை) கவனியுங்கள். மேனுவலில் உள்ளது உலர்ந்த மரைக்கான அளவு என்றால், அதே அளவில் போல்ட் அதிகம் இழுபடும். நான் அதிலிருந்து கால் பங்கு வரை கழிப்பேன்.

—

திம்பம் ரூட் டிரைவர்:

ஒரு சந்தேகம். வேலை முடிந்து ஓட்டிவிட்டு வந்ததும் சூட்டோடு சூடாக இன்னொரு தரம் டைட் வைக்கச் சொல்கிறார்களே, சரியா? கழற்றிய காப்பர் நட்டையே திரும்பப் போடலாமா?

—

சங்ககிரி பட்டறைக்காரர்:

சூட்டில் வேண்டாங்க. அப்போது மரை இளகியிருக்கும், அளவும் பொய் சொல்லும். ஒரு லோடு போய் வந்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறிக் கோடிக்குப் போக வேண்டும். காப்பர் நட்டைப் புதிதாகவே வாங்கிவிடுங்கள். வழியில் கிடைக்காவிட்டால் பழையதை ஸ்டட்டில் கையால் திருகிப் பாருங்கள். கடைசி மரை வரை விரலாலேயே போனால் தூக்கிப் போட்டுவிடலாம், பாதியில் இறுகி ஸ்பேனர் கேட்டால் அந்த டிரிப்புக்கு ஓட்டலாம்.