பழவேற்காடு டச்சுக் கல்லறைகள்: எழுத்துகளைப் படமெடுக்கும் முன்

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

பெங்களூருவிலிருந்து பொங்கலுக்கு நம் ஊர் பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் அங்குள்ள டச்சுக் கல்லறைக் கற்களைப் படமெடுத்து வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் எடுங்கள். கூடவே ஒரு வேண்டுகோள்: எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ மாவோ தேய்க்க வேண்டாம். சாக்பீஸ் தூள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும், மாவு பூஞ்சைக்குத் தீனியாகும். எண்ணெய் தடவினால் அந்த இடம் தூசியைப் பிடித்துக் கறுத்துவிடும். கம்பி பிரஷ்ஷின் இரும்புத் துகள் அடுத்த மழையில் துருக்கறையாக இறங்கும். கற்பாசியைச் சுரண்டினால் அதோடு கல்லின் மேல்தோலும் வரும். காய்ந்த இலையையும் மணலையும் பெயின்ட் பிரஷ்ஷால் மெல்லத் தள்ளிவிட்டால் போதும்.

எழுத்தைக் காட்டுவது சாய்ந்த வெளிச்சம்தான். தரையில் கிடக்கும் பலகைக் கற்களுக்குக் காலை வெயில் ஏறுவதற்கு முன்போ மாலையிலோ போங்கள். உச்சி வெயிலில் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. வேறு நேரம் கிடைக்காவிட்டால் ஒருவர் குடையால் கல்லுக்கு நிழல் கொடுக்கட்டும், இன்னொருவர் டார்ச்சைக் கல்லின் மட்டத்துக்குச் சற்று மேலே, 10 முதல் 15 டிகிரி சாய்வில் பிடிக்கட்டும். நான்கு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் கொடுத்து, கேமராவை நகர்த்தாமல் நான்கு படம். ஒரு பக்க வெளிச்சத்தில் மறையும் கோடு அடுத்த பக்கத்தில் எழும்பி வரும். நிற்கும் கல்லில் வெயிலே படாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிடலாம். இதை ஓசூர் சாலை கல்லறைத் தோட்டத்தில் அனுமதி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழகிக்கொண்டால் ஊரில் தடுமாற வேண்டியிருக்காது.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் ஆண்டுகள். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் நம் ஊர்தான் அவர்களுக்குத் தலைமை. 1825-இல் ஊர் நிலையாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. கல்லில் ஒரு இலக்கத்தைத் தவறாக வாசித்தால் தலைமையிடக் காலத்து வணிக அதிகாரி அதற்குப் பிந்தைய காலத்துக்குப் போய்விடுவார். 1, 7 இரண்டும், 3, 5, 8 மூன்றும் தேய்ந்த கல்லில் ஒன்றுபோலத் தெரியும். மாதத்தில் ஒரு பொறி உண்டு: 7 என்ற எண்ணோடு 'பெர்' (ber) ஒட்டியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். அப்படியே 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரியா 1897-இல் வெளியிட்ட நூலில் நம் ஊர்க் கற்களின் வரைபடங்கள் இருக்கின்றன. நீங்கள் வாசித்து எழுதிய பிறகே அதோடு ஒப்பிடுங்கள். முன்னமே பார்த்துவிட்டால் அதில் உள்ளதுதான் கண்ணுக்குத் தெரியும்.

கல்வெட்டுக்காரர்கள் போல மைப்படி (கல்மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி) எடுக்க ஆசைப்படுகிறவர்கள் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கிய பிறகே எடுக்க வேண்டும். இடம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். செங்கல் மண்டபங்களில் முளைத்த அரசங்கன்றுகளைப் பிடுங்காதீர்கள், வேர் செங்கல்லையும் சேர்த்துப் பெயர்க்கும். விரிசலில் சிமெண்ட் பூசுவோம் என்று சிலர் நல்லெண்ணத்தில் சொல்கிறார்கள். ஏரிக்கரை உப்பு ஈரத்தோடு சுவருக்குள் ஏறும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. எழுத்தும் குலச்சின்னமும் வெட்டிய கல், பணம் இருந்தவர்களுக்குத்தான். 17-ஆம் நூற்றாண்டில் இதே துறைமுகத்திலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட நம் மக்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை. கல்லறைகளைப் பற்றி எழுதும்போது அவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குவோம்.

படக் கோப்பின் பெயரில் வாசலிலிருந்து எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கல் என்று எழுதி அனுப்புங்கள். முழுக் கல் தெரியும் ஒரு படத்தில் பக்கத்தில் 30 செ.மீ. அளவுகோல் இருக்கட்டும்.