குடும்ப ரகசியத் திரில்லர்களை ஏன் கீழே வைக்க முடிவதில்லை?

வைகைக்கரை வாசகி கேட்டது:

வணக்கம். ஒரு காலத்தில் போலீஸ், தடயம், கைரேகை என்று போகும் துப்பறியும் கதைகளைத் தேடித் தேடிப் படித்தவள் நான். இப்போது அதெல்லாம் நாலு பக்கத்துக்கு மேல் ஓடுவதில்லை. வீட்டுக்குள்ளேயே நடக்கிற கதைகள்தான் இழுக்கின்றன. அம்மா மகளிடம் மறைத்த ஏதோ ஒன்று, முதல் மனைவி எப்படிச் செத்தாள் என்று யாரும் வாய் திறக்காத வீடு, பேச்சில் வரவே வராத ஒரு அக்கா... இப்படி ஆரம்பித்தால் போதும், இரவு எத்தனை மணியானாலும் முடிக்காமல் தூங்க மாட்டேன். "நம்ம வீட்டுல இல்லாத பிரச்சினையா, காசு குடுத்து வேற வாங்கணுமா" என்று அத்தை கேட்கிறார். அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு நல்ல பதில் வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. சில ட்விஸ்ட் வந்ததும் முதல் அத்தியாயத்தைத் திரும்பப் புரட்டத் தோன்றுகிறது. சில ட்விஸ்ட் வந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம்தான் வருகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? முடிவைச் சொல்லியே பேசுங்கள், எனக்கு ஸ்பாய்லர் பற்றிய பயம் இல்லை.

பழம்புத்தகம் எழுதியது:

உங்கள் அத்தை கேட்ட கேள்வியை 1860-களில் இங்கிலாந்தில் பத்திரிகைக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பு பயமுறுத்தும் கதை என்றால் எங்கோ இத்தாலி மலை மேல் ஒரு பாழடைந்த கோட்டை, ஒரு கொடூரமான பிரபு. வில்கி காலின்ஸ் எழுதிய வெள்ளுடைப் பெண் பற்றிய நாவல் 1859, 60-இல் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடராக வந்தபோது அந்தப் பயம் நேராக மரியாதைப்பட்ட குடும்பத்தின் வரவேற்பறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கதையில் கணவன் மனைவியின் சொத்துக்காக, அவளைப் போலவே இருக்கும் இன்னொரு பெண்ணின் பெயரில் அவளை மனநல விடுதியில் அடைத்துவிடுகிறான். இறந்துபோன அந்த இன்னொரு பெண்ணை மனைவியின் பெயரில் புதைத்தாயிற்று. உயிரோடு இருப்பவள் தான் யார் என்று நிரூபிக்க வேண்டும்.

இது அன்றைக்கு வெறும் கற்பனை இல்லை. எழுத்தாளரும் அரசியல்வாதியுமான புல்வர் லிட்டனின் மனைவி ரோசினா, பிரிந்து வாழ்ந்தவர், 1858-இல் தேர்தல் கூட்டத்துக்கே போய் எல்லார் முன்னாலும் கணவரைத் திட்டினார். அவரைப் பைத்தியம் என்று சொல்லி விடுதியில் அடைத்துவிட்டார்கள். பத்திரிகைகள் சத்தம் போட்டதால் சில வாரங்களில் வெளியே வந்தார். அதே வருடம்தான் லண்டனில் விவாகரத்து நீதிமன்றம் திறந்தது, பெரிய வீட்டுச் சங்கதிகள் எல்லாம் காலைப் பத்திரிகையில் வர ஆரம்பித்தன. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முழு உரிமை கிடைத்தது 1882-இல்தான். சொத்து, கல்யாணம், மானம் இந்த மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் வரைக்கும் இந்த வகைக் கதைக்குப் பஞ்சம் வராது என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டிலேயே பார்த்தது ஒன்று சொல்கிறேன். ஊரில் இருந்த இடத்தை விற்க வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது அதன் ஒரு பகுதியைத் தாத்தா ஒரு பெண்ணுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தது தெரிந்தது. அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அம்மாவிடம் காட்டினேன். அம்மா தாளைக் கையில் வாங்கவே இல்லை, "இது எதுக்கு இப்போ" என்று மட்டும் கேட்டார். பெரியம்மா, சித்தப்பா, வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா உட்பட எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. யாருக்கும் தெரியாத விஷயம் என்று குடும்பத்தில் எதுவும் கிடையாது, நமக்கு மட்டும் சொல்லாத விஷயம்தான் இருக்கிறது. நல்ல திரில்லர் அதைத்தான் பிடிக்கிறது. என்ன நடந்தது என்பதைவிட யார் யாருக்கு முன்னாலேயே தெரியும், தெரிந்துகொண்டே எப்படி நமக்குச் சோறு போட்டார்கள் என்பதுதான் ஆளை உலுக்குகிறது.

கறுப்புவெள்ளை ரசிகன் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். 1954-இல் வந்த ‘அந்த நாள்’ பார்த்திருக்கிறீர்களா? வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய படம், ஏவிஎம் தயாரிப்பு. பாட்டே கிடையாது, அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசியுங்கள். 1943-இல் சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு போட்ட நேரம், ரேடியோ என்ஜினியர் ஒருவர் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், ஒவ்வொரு கதையிலும் இன்னொருவர் கையில் துப்பாக்கி. கடைசியில் பார்த்தால் அந்தத் துப்பாக்கி இருந்தது மனைவி கையில். நாட்டுக்குத் துரோகம் செய்யும் கணவன் என்று தெரிந்தவள் அவள்.

அந்த வீட்டில் அவள் முகத்தில் இருக்கும் துக்கம் நடிப்பு இல்லை, உண்மைத் துக்கம். முடிவு தெரிந்த பிறகு திரும்பப் பாருங்கள், அதே முகம், அதே அழுகை, அர்த்தம் மட்டும் மாறிவிடும். நேர்மையான ட்விஸ்ட் இப்படித்தான் இருக்கும். நம் கண்ணுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டு, நாமே தப்பாகப் புரிந்துகொள்ளும்படி விடுவது. கோபம் வரவழைக்கும் ட்விஸ்ட் எப்படி என்றால், கதைசொல்லி முன்னூறு பக்கம் தன் மனதுக்குள் இருப்பதை எல்லாம் நம்மிடம் கொட்டிவிட்டு, தான் செய்த கொலையை மட்டும் நினைக்கவே மாட்டாள். அவளாக ஒளிக்கவில்லை, எழுத்தாளர் ஒளிக்கிறார். அதுதான் எரிச்சல்.

முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பதும் அவ்வளவு உறுதியான விஷயம் இல்லை. 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் சிறுகதைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள்தான் அதிகம் ரசித்தார்கள், ட்விஸ்ட் கதைகளிலும் அப்படியே. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதையே சொல்லவில்லை, ஆனாலும் திரும்பப் படிக்கிற சுகம் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

நீங்கள் சொன்ன முதல் மனைவி கதைக்கு ‘ரெபெக்கா’தான் தாய். 1938 நாவலில் கணவனே முதல் மனைவியைச் சுட்டுக் கொன்றிருப்பான். 1940-இல் ஹிட்ச்காக் படமாக எடுத்தபோது, மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது என்ற ஹாலிவுட் தணிக்கை விதியால் அது விபத்தாக மாறிவிட்டது. படம் அருமைதான், ஆனால் நாவலின் நடுக்கம் அதில் இல்லை. கொலை என்று தெரிந்த பிறகும் இரண்டாவது மனைவி அவன் பக்கம் நிற்கிறாள், படிக்கிற நாமும் அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பதறுகிறோம். அதைத் தூக்கிவிட்டால் மிச்சம் என்ன?

மாடிவீட்டு மலர் எழுதியது:

எல்லாம் சரி, எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கடைசி அத்தியாயத்தில் வழியில்லாமல் போனால் யாருக்காவது மனநோய் என்று முடித்துவிடுகிறார்களே, அதை ஏன் யாரும் கேட்பதில்லை? என் அண்ணனுக்கு ஸ்கிட்சோஃப்ரினியா. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். அந்த நோய்க்கும் கதைகளில் வரும் ‘இரட்டை ஆள்’ சமாச்சாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது "அடிப்பாரா?" என்பதுதான். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் யாரையும் தொடுவதுகூட இல்லை, அடி வாங்குகிறவர்களாகத்தான் அதிகம் இருக்கிறார்கள். பழம்புத்தகம் சொன்ன ரோசினா கதையையே பாருங்கள், பைத்தியம் என்ற முத்திரை அங்கே யாருக்கு உதவியது? நான் இந்த வகைப் புத்தகங்களை விரும்பித்தான் படிக்கிறேன். அந்த ஒரு முடிவு வந்தால் மட்டும் அப்படியே மூடி வைத்துவிடுவேன்.

வைகைக்கரை வாசகி எழுதியது:

மலர், நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. நான் கோபப்பட்ட புத்தகங்களில் முக்கால்வாசி அந்த முடிவோடுதான் இருந்தன, ஏன் கோபம் என்று இப்போதுதான் புரிகிறது. பழம்புத்தகம், அந்தப் பெண் யார் என்று அம்மா பிறகாவது சொன்னாரா? சொல்ல இஷ்டமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ‘அந்த நாள்’ ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். அவர் சின்ன வயதில் பார்த்திருப்பார், கேட்டுப் பார்க்கிறேன்.

பழம்புத்தகம் எழுதியது:

சொல்லவில்லை. சித்தப்பா பாதி சொன்னார். மீதியை அம்மா சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.