நடைபாதையை விழுங்கும் செடிகள்: யாரிடம், எப்படிப் பேசினீர்கள்?

நடைப்பித்தன்:

என் அப்பாவுக்குப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. ஆனாலும் மாலை நடையை விடமாட்டார். வெள்ளைக் கைத்தடியோடு அவர் முன்னால் போவார், நான் இரண்டடி பின்னால் போவேன். கையைப் பிடித்தால் கோபம் வரும்.

குழி, படி, கம்பம், நிறுத்திவைத்த சைக்கிள் எல்லாம் அந்தத் தடிக்குத் தெரியும். இடுப்புக்கு மேலே இருப்பது மட்டும் அதற்குத் தெரியாது. தெருமுனை வீட்டுக் காகிதப்பூ சரியாக அந்த உயரத்தில்தான் குடியிருந்தது. மதிலைத் தாண்டி எழுந்து, வளைந்து, நெஞ்சுக்கும் நெற்றிக்கும் நடுவே தொங்கியது. கீழே பாதை துப்புரவாக இருக்கும். தடி 'போகலாம்' என்று சொல்லும். அடுத்த நொடி முள் நெற்றியில் இருக்கும். சில நாளில் அப்பா அந்த இடம் நெருங்கியதும் இடது கையை முகத்துக்கு முன்னால் கேடயம் போலத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாவது முறை இரத்தம் வந்த அன்று அந்த வீட்டு மணியை அழுத்தினேன். பேச வேண்டியதையெல்லாம் வழியிலேயே கூர்தீட்டி வைத்திருந்தேன். கதவைத் திறந்தவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார். "போன வாரம்தானே வெட்டினோம், வந்து பாருங்கள்" என்று உள்ளே கூட்டிப்போனார். உண்மைதான். உள்பக்கம் முகம் மழித்தது போல இருந்தது. அந்த வீட்டுக்கு வாசல் அடுத்த தெருவில். நாங்கள் நடப்பது பின்மதில் ஓரம். அந்தப் பக்கம் தான் வந்தே நாலைந்து வருடம் ஆகிறது என்றார்.

"அம்மா, ஒரு தடவை வெளியே வந்து பார்த்துவிடுங்கள்" என்றேன். வந்தார். பத்தடி நடப்பதற்குள் அவருடைய சால்வை மாட்டிக்கொண்டது. ஒரு முள்ளிலிருந்து நான் எடுத்துவிட, அது அடுத்த முள்ளில் சிக்க, இருவரும் இரண்டு நிமிடம் அங்கேயே நின்றோம். நான் கூர்தீட்டி வைத்ததில் ஒரு வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை.

வேலி வைத்தவர் பார்ப்பது ஒரு பக்கம், நாம் நடப்பது மறுபக்கம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

அவசரக்காரன்:

உங்களுக்கு நல்ல அம்மையார் வாய்த்தார். எனக்கு வாய்த்தவர், "செடி வளரத்தான் செய்யும், நான் என்ன அதனிடம் போய்ப் பேசவா முடியும்?" என்று கதவைச் சாத்தியவர். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஒரு ஞாயிறு விடியலில் கத்தரியும் ரம்பமுமாகப் போனேன். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் பாதை பளிச்சென்று திறந்துவிட்டது. வீரனைப் போல வீடு திரும்பினேன்.

அது சைப்ரஸ் என்ற ஊசியிலை மர வேலி. ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை பச்சை இலை உள்ள இடம்வரை வெட்டினால்தான் மறுபடி துளிர்க்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. உள்ளே இருக்கும் காய்ந்த பழுப்புக் கட்டைவரை போய்விட்டால் அந்த இடம் அப்படியே மொட்டையாக நின்றுவிடும். நின்றுவிட்டது. அவர் வாசலிலிருந்து பார்த்தால் சொத்தைப் பல் வரிசை போலத் தெரியும். நான்தான் வெட்டினேன் என்று தெரிய அவருக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. வெட்டிப்போட்ட கிளைகளுக்குள் ஒரு கூடு இருந்தது. காலியான கூடுதான். ஆனால் அதை வெட்டிய பிறகுதான் பார்த்தேன். பொதுப்பாதையில் நீட்டிக்கொண்டிருப்பதை நாமே வெட்டலாமா என்பதற்கு ஊருக்கு ஊர் விதி வேறு. கூடு கட்டும் காலத்தில் வேலியைத் தொடவே கூடாது என்று சட்டம் உள்ள நாடுகளும் உண்டு. அன்று குஞ்சுகள் இருந்திருந்தால் நான் இதை இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

நான்கு சக்கரம்:

நான் சக்கர நாற்காலியில் போகிறவள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் நாற்காலியின் அகலம் 66 செ.மீ. சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்கும் இடம் வேண்டும், ஆகவே 90 செ.மீ. இருந்தால்தான் போக முடியும். எங்கள் பாதை 120 செ.மீ. அதில் 45 செ.மீ. வேலிக்குப் போய்விட்டது. கால் உள்ளவர்கள் தோளைச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் தெருவில் இறங்க வேண்டுமென்றால் சரிவு இருக்கும் இடம்வரை பின்னாலேயே போக வேண்டும். பாதை அத்தனை குறுகிய இடத்தில் நாற்காலியைத் திருப்பவும் முடியாது.

உள்ளாட்சி அலுவலகத்துக்கு மூன்று முறை தொலைபேசியில் சொன்னேன். "செடி வளர்ந்திருக்கிறது" என்று ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டார்களாம். நான்காவது முறை எழுத்தில் கொடுத்தேன். பாதையின் குறுக்கே அளவுநாடாவை விரித்து, எண் தெரிகிற மாதிரி ஒரு படம். தெருப்பெயர், கதவு எண், தேதி. மிச்சம் உள்ள அகலம் 75 செ.மீ., தேவைப்படுவது 90. இவ்வளவுதான் எழுதினேன், கெஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை. இரண்டு வாரத்தில் ஆள் வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். செடி வளர்ந்திருக்கிறது என்பது அவர்களுக்கு ஒரு செய்தி. 15 செ.மீ. குறைகிறது என்றால்தான் அது வேலை.

வேலிக்காரர்:

மறுபக்கத்திலிருந்தும் ஒரு குரல் வேண்டாமா? நான் புதர் வளர்த்த குற்றவாளி.

மனைவியின் சிகிச்சைக்காக ஐந்து மாதம் மருத்துவமனையும் வீடுமாக அலைந்தேன். ஒரு நாள் கதவிடுக்கில் ஒரு சீட்டு. "உங்கள் காட்டை வெட்டுங்கள்." பெயர் இல்லை. சொன்னது நியாயம்தான், ஆனால் அந்தச் சீட்டைப் படித்ததும் வெட்டவே கூடாது என்றுதான் தோன்றியது. எதிர்வீட்டுப் பையன் வந்து, "ஐயா, நான் வெட்டித் தரட்டுமா? எங்கே வெட்டுவது என்று மட்டும் காட்டுங்கள்" என்று கேட்டபோதுதான் மனம் இளகியது.

இப்போது நானே பார்த்துக்கொள்கிறேன். கற்றுக்கொண்ட இரண்டு விஷயம். பாதையின் விளிம்போடு ஒட்ட வெட்டினால் சில வாரத்தில் பழைய கதைதான், முன்பைவிட அடர்த்தியாக. நுனிமொட்டு இருக்கும்வரை அது கீழ் மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியை எடுத்தால் கீழே தூங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் பக்கக் கிளையாகக் கிளம்பும். ஆகவே கவாத்து செய்யும்போது விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி வெட்டுங்கள், வளர்வதற்கு இடம் விட்டு. மேலே ஒடுக்கமாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் அடியிலும் வெயில் படும், வேலி கீழே ஓட்டையாகாது.

இரண்டாவது, மழை விட்டதும் குடையோடு வெளியே போய்ப் பாருங்கள். தண்ணீர் ஏறிய தழை தன் பாரத்தில் கீழே தொங்கும். காய்ந்த நாளில் தலைக்கு மேலே இருந்த கிளை அன்று முகத்துக்கு நேரே நிற்கும், உங்களை முதலில் நனைப்பது அதுதான். நான் அன்று துணித்துண்டு கட்டி அடையாளம் வைத்துவிட்டு, காய்ந்த பிறகு வெட்டுகிறேன்.

மண்வெட்டி:

எங்கள் தெருவில் சண்டைபோடவே ஆள் இல்லை. பூட்டிக் கிடக்கும் வீடு. உரிமையாளரின் எண்ணைத் தேடிப் பிடித்து, அனுமதியைக் குறுஞ்செய்தியில் வாங்கி வைத்துக்கொண்டு ஐந்து பேர் இறங்கினோம்.

பாதி அரளி. அரளி என்றால் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி. செடி முழுவதும் நஞ்சு, வெட்டிய குப்பையைக் கொளுத்தினால் புகையும் நஞ்சு. ஒருவர் தீப்பெட்டியோடு வந்துவிட்டார், அவரைத் தடுப்பதுதான் அன்றைய பெரிய வேலை.

அதைவிட, கிளையெல்லாம் போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். பாதை இன்னும் ஒடுக்கமாகவே தெரிந்தது. ஓரத்தில் புல். சும்மா மண்வெட்டியைப் போட்டேன், 'டங்' என்று கல். வருடக்கணக்காக உதிர்ந்த இலை மக்கி மண்ணாகி, அதில் புல் வேர்விட்டு, கல்லின் மேலேயே ஏறி வந்திருக்கிறது. பாய் சுருட்டுவது போல அந்தப் புல்லைச் சுருட்டினோம். அடியில் இரண்டு சாண் அகலத்துக்கு நல்ல நடைபாதை, ஒரு கல்கூட உடையாமல். இந்தத் தெருவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். பாதையே அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

நடைப்பித்தன்:

எல்லோருக்கும் நன்றி. அவசரக்காரன், ஒரு நாள் போய் அந்த மணியை அழுத்திவிடுங்கள். இரண்டு வருடம் போதும்.

எங்கள் அம்மையார் வெளிப்பக்கத்தையும் வெட்டவைத்துவிட்டார். வேலிக்காரர் சொன்னபடி ஒரு முழம் உள்ளே தள்ளி வெட்டும்படி நான் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். நேற்று நடந்துபோனோம். தலைக்கு மேலே கை தூக்கினாலும் எதுவும் படவில்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும் அப்பா இடது கையைத் தூக்கிக்கொண்டார்.

"வெட்டிவிட்டார்கள் அப்பா, கையை இறக்கலாம்" என்றேன்.

"தெரியும். வாசனையிலேயே தெரிந்தது, பச்சைத் தழை வெட்டின வாசனை" என்றார். கையை இறக்கவில்லை. "வளராமலா போகும்?"