பிரீகிளியரன்ஸ்: ‘முன் அனுமதி’ வேண்டாம், ஏன் என்றால்…

வணக்கம்.

போகிற நாட்டின் நுழைவுச் சோதனையைப் புறப்படும் இடத்திலேயே முடித்துவிடும் பிரீகிளியரன்ஸுக்குத் தமிழில் என்ன சொல் என்ற இந்த விவாத இழையில், ‘முன் அனுமதி’ என்றே வைத்துவிடலாம் என்று பலரும் சொல்லிவிட்டார்கள். முடிவு கட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள். சட்ட மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லைப் பார்ப்பவர் விசாவைத்தான் நினைப்பார், இல்லையென்றால் பொதுக்கூட்டத்துக்குக் காவல்துறையிடம் வாங்குகிற முன் அனுமதியை. இங்கே நடப்பது வேறு. டப்ளினிலோ டொராண்டோவிலோ அமெரிக்காவுக்கு விமானம் ஏறப் போகிறவரை அந்த ஊர் விமான நிலையத்திலேயே அமெரிக்க அதிகாரி நுழைவுச் சோதனை செய்துவிடுகிறார், பயணி நியூயார்க்கில் இறங்கியதும் உள்நாட்டு விமானத்தில் வந்தவர் மாதிரி நேராக வெளியே போய்விடலாம். டொராண்டோவில் 1952-லேயே தொடங்கிய ஏற்பாடு இது. ‘அனுமதி’ என்பதும் அளவுக்கு மீறிய சொல், ஏனென்றால் இறங்கிய பிறகு தேவைப்பட்டால் மறுபடியும் சோதிக்கும் அதிகாரத்தை அமெரிக்கா விட்டுக்கொடுக்கவில்லை.

‘முன்சோதனை’ பரவாயில்லை. ஆனால் விமானம் ஏறுவதற்கு முன் நடக்கும் எல்லாச் சோதனையும் முன்சோதனைதானே? இந்த ஏற்பாட்டில் சட்டச் சிக்கல் எப்போது சோதிக்கிறார்கள் என்பதில் இல்லை, யார் மண்ணில் யார் சோதிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. சொல்லில் அது தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கனடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவும் கனடாவும் 2015-இல் போட்ட ஒப்பந்தம் விமானம், ரயில், கப்பல், சாலை நான்கையும் சேர்த்துக்கொண்டது, அதற்கான கனடியச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. சோதனைப் பகுதியில் நிற்கும் அமெரிக்க அதிகாரி கேள்வி கேட்கலாம், பையைத் திறந்து பார்க்கலாம், ஆளை நிறுத்தி வைக்கலாம். கைது மட்டும் செய்ய முடியாது, கனடிய அதிகாரியிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அவர் செய்வதெல்லாம் கனடாவின் உரிமைச் சாசனத்துக்குக் கட்டுப்பட்டது. பயணி பாதியில் ‘நான் போகவில்லை’ என்று திரும்பிவிடலாம், ஆனால் ஏன் திரும்புகிறீர்கள் என்று கேட்கும் அதிகாரம் இந்தப் புதிய சட்டத்தில் அமெரிக்க அதிகாரிக்கு உண்டு. கனடாவில் இதை எதிர்த்துப் பேசியவர்களுக்கு உறுத்தியது இதுதான், அவர் நின்றுகொண்டிருப்பது கனடிய மண்ணில் அல்லவா!

பிரிட்டனையும் பிரான்ஸையும் கடலடியில் இணைக்கும் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயிலில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 1991-இல் கையெழுத்தான சாங்காட் நெறிமுறை என்ற பிரிட்டன்–பிரான்ஸ் ஒப்பந்தம் சுரங்கத்தின் இரு முனைகளிலும் சோதனை வலயங்களை ஏற்படுத்தியது, 2000-இல் வந்த கூடுதல் நெறிமுறை அதை அந்தச் சுரங்கம் வழியாகப் போகும் யூரோஸ்டார் ரயிலின் நிலையங்களுக்கும் விரித்தது. பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் முதலில் பிரெஞ்சு அதிகாரியின் மேசையில் வெளியேற்றச் சோதனை, சில அடி தள்ளி பிரிட்டிஷ் அதிகாரியிடம் நுழைவுச் சோதனை. அந்த வலயத்துக்குள் பிரிட்டனின் எல்லைச் சட்டம் செல்லும், அதன்படி கைதுகூடச் செய்யலாம். ஆக ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான், சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதில்தான் வேறுபாடு. இப்படி இரு நாட்டுச் சோதனையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நடப்பதற்கு ஆங்கிலத்தில் ஜக்ஸ்டபோஸ்ட் கன்ட்ரோல்ஸ் என்கிறார்கள், நமக்கு அதற்குத் தனிச் சொல் வேண்டும்.

சோதனை எங்கே, எந்த வரிசையில் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சிங்கப்பூர், மலேசிய நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1998-இல் சிங்கப்பூர் தன் ரயில் சோதனைச் சாவடியை எல்லையோரத்து உட்லண்ட்ஸுக்கு மாற்றியது, மலேசியா 2011 வரை சிங்கப்பூர் நகருக்குள் இருந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தை விட்டு நகரவில்லை. அந்த ஆண்டுகளில் வடக்கே போகிற பயணி தஞ்சோங் பகாரில் மலேசிய நுழைவுச் சோதனையை முடித்துவிட்டு, ரயிலில் போய், அப்புறம் உட்லண்ட்ஸில் சிங்கப்பூரை விட்டு வெளியேறினார். முதலில் நுழைவு, பிறகு வெளியேற்றம்! 2011 ஜூலையிலிருந்து இரண்டும் உட்லண்ட்ஸிலேயே நடக்கின்றன.

நம் பக்கத்திலும் இது புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை இலங்கை அரசு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலேயே முகாம் போட்டு மருத்துவச் சோதனை செய்து, நோய்த்தடுப்புக் காவலில் வைத்துத்தான் தனுஷ்கோடிக்கு அனுப்பி கப்பல் ஏற்றியது. இந்திய மண், இலங்கை நிர்வாகம். மண்டபம் கேம்ப் என்ற ரயில் நிலையப் பெயரில் அந்த முகாம் இன்னும் இருக்கிறது.

இழையில் கொல்கத்தா–டாக்கா மைத்ரி விரைவு ரயிலையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள், அது பொருந்தாது. கெதே, தர்சனா எல்லை நிலையங்களில் நடந்த சோதனையை 2017 நவம்பரில் இரு முனை நிலையங்களுக்கு மாற்றினார்கள் என்பது உண்மைதான், ஆனால் கொல்கத்தாவில் இந்திய அதிகாரி, டாக்காவில் வங்கதேச அதிகாரி என்று அவரவர் மண்ணில் அவரவர் சோதனைதான் நடந்தது. அதனால் ‘புறப்பாட்டுச் சோதனை’ என்று மட்டும் சொன்னால் போதாது, அது நுழைவுக்கான சோதனை என்பதும் சொல்லில் வர வேண்டும்.

இமிகிரேஷனுக்குக் குடிவரவா, குடிநுழைவா என்ற சண்டையும் இங்கே தேவையில்லை. இலங்கையில் குடிவரவு, சிங்கப்பூர் மலேசியாவில் குடிநுழைவு, தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ‘குடியுரிமை அதிகாரிகள்’ (இது தவறு என்று பலமுறை பேசியாயிற்று). எதைப் போட்டாலும் ஆள் சோதனை மட்டும்தான் அடங்கும். அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் 1986 முதல் அமெரிக்காவின் ஆள் சோதனைதான் இருந்தது, 2009-இல்தான் சுங்கமும் வேளாண் பொருள் சோதனையும் சேர்ந்து முழுமையானது. ‘நுழைவு’ என்று பொதுவாக வைத்தால் மூன்றும் அடங்கிவிடும். ‘புறநுழைவு’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் புறவாசல் வழியாக நுழைவதுபோல் ஒலிப்பதால் சட்டச் சொல்லுக்கு ஆகாது.

என் பரிந்துரை: பிரீகிளியரன்ஸுக்குப் ‘புறப்பாட்டிட நுழைவுச் சோதனை’. ஜக்ஸ்டபோஸ்ட் கன்ட்ரோல்ஸுக்கு ‘ஓரிட இருநாட்டுச் சோதனை’; ஹாங்காங்கின் மேற்குக் கவுலூன் நிலையத்தில் இதே மாதிரி ஏற்பாட்டைச் சீன மொழியில் ‘ஓரிடம், இரு சோதனை’ என்ற பொருளில் நான்கே எழுத்தில் சொல்லிவிட்டார்கள். சோதனை நடக்கும் பகுதிக்குச் ‘சோதனை வலயம்’ போதும். நீளம் என்று குறை சொல்வீர்கள், தெரியும். சட்டப் பிரிவில் முதல் முறை முழுதாக எழுதிவிட்டு அடுத்தடுத்து ‘நுழைவுச் சோதனை’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

ஜொகூர்–சிங்கப்பூர் ஆர்டிஎஸ் ரயிலிலும் புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடியப் போகிறது. அங்கே அறிவிப்புப் பலகையில் தமிழ் வந்தால் என்ன எழுதுவார்கள்? சிங்கப்பூரில் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்கள், ஏற்கெனவே ஏதாவது சொல் புழக்கத்தில் இருந்தால் இழையில் போடுங்கள். நல்ல சொல்லாக இருந்தால் என் பரிந்துரையை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.